கேசட்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

நீலசந்திரா, பெங்களூர்
18.10.1997

அன்பு மகன் பிரகாஷுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கை மமதா மூவரும் சௌக்கியம். நீ ஜூன் மாதம் ஊருக்கு வந்த முனிகிருஷ்ணன் கையில் கொடுத்தனுப்பிய வீடியோ கேம் மட்டும் சில நாள் படுத்த படுக்கையாகக் கிடந்து இப்போதுதான் பிழைத்து எழுந்தது. ஷார்ஜாவில் நீயும் சுகமாக இருக்க எல்லம்மாவை வேண்டிக்கொள்கிறோம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுக்குத் தைலம் தேய்க்கிறாயா, தலையணை மாற்றினாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது, எல்லாம் ஓகே என்று ஒரே வரியில் எழுதினால் அவள் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, டிசம்பரில் ஊருக்கு வந்துவிடுவதா என்று நீ கேட்டிருந்த விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் நம் வீட்டுக் கூத்தைக் கேள்.

நீ அனுப்பிய வீடியோ கேமில் செருகுகிற கேசட்டின் மேல் 9999 ஆட்டம் என்று போட்டிருந்ததல்லவா, அதை நம்பி நான் எங்கள் லேத் பட்டறையில் தொடங்கி சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன். உன் தங்கை ஒரு ரூல்டு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, மொத்தமே பத்தொன்பது ஆட்டம்தான், மிச்சமெல்லாம் அதே ஆட்டத்துக்குப் பேரை மாற்றி வைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்துவிட்டாள். என் மானம் போனது போகட்டும், அதோடு விட்டாளா, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள் எல்லா ஆட்டத்துக்கும் வாத்தியார் மாதிரி மார்க் போட உட்கார்ந்துவிட்டாள். பாட்டு, கஷ்டம், நியாயம் என்று மூன்று கட்டம், அதில் நியாயத்துக்குத்தான் மார்க் அதிகம். கார் ரேஸுக்கு நூற்றுக்கு முப்பது. முட்டினால் எதிர் வண்டிக்கு ஒரு கீறல்கூட விழுவதில்லை, நம் வண்டி மட்டும் வெடிக்கிறது, இது எந்த ஊர் நியாயம் என்று எழுதியிருக்கிறாள். வாத்து சுடும் ஆட்டத்துக்குப் பூஜ்யம், வாத்து நம்மை என்ன செய்தது என்று கேள்வி, ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில் கால் துண்டுக்கு என்னோடு மல்லுக்கு நிற்கிறவள் கேட்கிற கேள்வி இது. கால்பந்துக்காரர்கள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு வந்தவர்கள் மாதிரி ஓடுகிறார்களாம், பதினைந்து. மேலேயிருந்து விழும் கட்டைகளைச் சந்தில்லாமல் அடுக்குகிற ஆட்டத்துக்கு எண்பத்தைந்து, பக்கத்தில் 'சக்கத்தா இருக்கு' என்று குறிப்பு, அவளிடம் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. அதில் இன்று வரை முதலிடம் உன் அம்மாவுக்குத்தான். பரண்மேல் பாத்திரம் அடுக்கிப் பழகிய கை. கரண்டியோடு வந்து இன்னாடி எப்பப் பாத்தாலும் இந்தப் பொட்டி என்று திட்டுவாள், அடுத்த மூச்சில் நகரு, ஒரே ஒரு வாட்டி என்று உட்கார்ந்துவிடுவாள், அன்றைக்குக் குழம்பு அடிபிடித்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற டாங்கி ஆட்டத்தை மட்டும் மமதா தொடவேயில்லை. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் மேல் 'அண்ணன்' என்று சீட்டு ஒட்டி, வந்த பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே திரும்பப் போட்டு டிவி மேல் வைத்திருந்தாள், யாரும் கை வைக்கக் கூடாது.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். போன வாரம் ஆயுத பூஜை. பட்டறையில் பூசணிக்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவின் தையல் மெஷின், கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, மொபெட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். உன் தங்கையின் கருவியை விடலாமா, அதையும் பொரி கடலை பக்கத்தில் வைத்தேன். எந்தக் கருவிக்கும் வேலை செய்கிற முனையில்தான் பொட்டு வைக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம், உனக்குத் தெரியும், டிரில்லுக்கு நுனியில், ரம்பத்துக்குப் பல்லில். கேசட்டுக்கு எது முனை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கீழே பித்தளை நிறத்தில் வரிசையாகப் பல் மாதிரி தெரிந்தது, சந்தேகமே இல்லை என்று சந்தனத்தைக் குழைத்து நன்றாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். மறுநாள் அவள் கேசட்டைச் செருகினால் டிவி முழுக்கச் சாம்பல் நிறம். வாயால் ஊதினாள், காய்ந்த சந்தனம் அவள் மூக்கிலேயே பறந்தது. அப்புறம் ஏழு நாள் என்னோடு பேச்சே இல்லை, சாதம் போட்டுக்கணுமான்னு உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க என்று அம்மா வழியாகத்தான் தகவல். எனக்குச் சோறு இறங்கவில்லை. லிங்கராஜபுரத்தில் ரேடியோ ரிப்பேர் செய்யும் மதலைமுத்துவிடம் கொண்டு போனேன், அவர் பார்த்துவிட்டு இன்னாண்ணே, கேசட்டுக்குக் கல்யாணமா பண்ணி வச்சீங்க என்று கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். தண்ணி படக் கூடாது, ஊசியால் சுரண்டி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இன்று காலை பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். நூலளவு தப்பாமல் கடைசல் பிடிக்கிற நானே ஒரு பல்லுக்கு இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். செருகியதும் டிவியில் கலர் வந்ததா, பாட்டு வந்ததா, மமதா குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அவள் என்ன செய்தாள் தெரியுமா, டிவி மேலிருந்த கவரைச் சர்ரென்று கிழித்து இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை என் கையில் திணித்து, வாங்கப்பா, டாங்கி ஆடலாம் என்றாள். நானும் உட்கார்ந்தேன். டாங்கி இடது பக்கம் திரும்பினால் நானும் இடது பக்கம் சாய்ந்து அம்மாவின் அரிசி முறத்தில் விழுந்தேன். நடுவில் செங்கல் கட்டி ஒரு பறவைப் படம் இருந்தது, எதிரி என்று நினைத்து ஒரே போடாகப் போட்டேன், அதுதான் நம் கோட்டையாம். ஐயோ அப்பா அது நம்மளது என்று அவள் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது, நிறுத்தத் தெரியாமல் நானும் சிரித்தேன். உடனே நோட்டை எடுத்து 'அப்பா: நூற்றுக்குப் பன்னிரண்டு, மறு தேர்வு' என்று எழுதினாள். சரி, டாங்கி ஆட்டத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். அண்ணன் கூட ஆடாம எப்படிப்பா மார்க் போடறது என்று அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டாள். அப்போதுதான் பார்த்தேன், இத்தனை நேரமும் என் கட்டைவிரல் உன் பெயர்ச் சீட்டின் மேலேயே இருந்திருக்கிறது, வேர்வையில் பாதி எழுத்து அழிந்துபோய்விட்டது.

கையெழுத்து விஷயத்துக்குப் போன கடிதத்தில் உன் இஷ்டம் என்று எழுதியிருந்தேன். பெரிய மனுஷன் மாதிரி எழுதிவிட்டதாக எனக்குள் பெருமை வேறு. அது பொய், பிரகாஷ். உன் இஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், என் இஷ்டம் நீ வந்துவிட வேண்டும் என்பதுதான். உன் அம்மாவின் இஷ்டம் என்ன என்று கேட்கவே வேண்டாம், மூன்று கேள்வியும் அதுதான். கையெழுத்துப் போடாதே, டிசம்பரில் வந்துவிடு, வேலையை இங்கே சேர்ந்து தேடுவோம்.

எல்லம்மா துணையிருப்பாள், நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக இரு. மமதாவின் மார்க் பட்டியலை அவளே நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறாள், காலிக் கட்டத்தைப் பேனாவால் நிரப்பி அனுப்பிவிடாதே, தபாலில் வரும் மார்க் செல்லாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மறக்காமல் தலையணையை மாற்று.

இப்படிக்கு,
நீ வரும்வரை உன் இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும்,
அப்பா இளங்கோவன்