எனக்குக் கேட்காத சத்தம்

எவ்வளவு சவர்க்காரம் போட்டும் கையில் பெற்றோல் மணம் போகவில்லை. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். காரின் எஞ்சினுக்குள் இருந்து கழற்றிய தேய்ந்த இரும்புத் துண்டொன்று சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. நீர் உயிரோடு இருந்திருந்தால் அதுவும் நானும் இந்நேரம் முற்றத்தில் கிடந்திருப்போம். ஏச ஆளில்லாத மேசை இவ்வளவு பெரிது என்று எனக்கு முன்னம் தெரியாது.

நீர் கண்ணை மூடிய பிறகு மகள் மெர்சி பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மருமகனுக்குக் கொழும்பில் வேலை. பேத்தியைக் காலையில் காரில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவது என் உத்தியோகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைப் பிழைத்துப் போகட்டும் என்று விட்டவன், இந்த வயதில் நாள் தவறாமல் போகிறேன்.

போன கிழமை பள்ளியால் திரும்பும்போது காரின் முன்மூடி பொனற்றுக்குள்ளால் வெள்ளைப் புகை வந்தது. திறந்து பார்த்தால் எஞ்சின் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது, அதை மறிக்கும் காஸ்கட் போய்விட்டது என்று பெரிய டொக்டரைப்போல மெர்சிக்குச் சொன்னேன். கராஜுக்குக் கொடுக்கச் சொன்னாள். என் கைவேலையை நம்பாத விஷயத்தில் அவள் உம்முடைய பிள்ளைதான். நானே கழற்றத் தொடங்கினேன்.

காஸ்கட் எரிந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். கழற்றும்போது ஆணியொன்று முறிந்தது. அதையும் என் வேலைக்குள் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பாராதது அதற்குப் பிறகு வந்தது. வால்வை அமுக்கும் இரும்புக் கையொன்றின் நட்டு இளகி, அதன் நுனி அடிபட்டு அடிபட்டுக் குழி விழுந்திருந்தது. மெல்லிய தகடு மட்டும் நுழைய வேண்டிய இடைவெளியில் என் நகம் போய் வந்தது. இப்படித் தேய்வதற்கு மாதக்கணக்கு வேண்டும். அத்தனை மாதமும் அது தகரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல அடித்திருக்க வேண்டும். நானோ தினமும் அதற்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

நல்ல குணமான எஞ்சின், இவ்வளவு அடிபட்டும் வாய் திறக்கவில்லை என்று முதலில் சிரித்தேன். அந்த நேரம் மெர்சி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"பிள்ளை, உந்தக் கார் சத்தம் ஏதும் போட்டதே?"

"ஓமப்பா. அம்மா மோசம்போய்க் கொஞ்ச நாளிலை தொடங்கினது. ஒழுங்கை முடக்கிலை நீங்கள் திரும்பேக்கையே கேக்கும். அதைக் கேட்டுத்தானே நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கிறனான். உங்களுக்குத் தெரியாதே?"

தெரியும், தெரியும் என்றேன். கையிலிருந்த ஸ்பானர் சீமெந்து நிலத்தில் விழுந்தது. அது விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிறகுதான் நீர் இடப்பக்கச் சீற்றில் இருந்து சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. "இஞ்சாருங்கோ, முன்னுக்கு டக்கு டக்கெண்டு கேக்குது" என்பீர். உமக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று நான் முகத்தை நெளித்துக் காட்டுவேன். அடுத்த நாள் உமக்குத் தெரியாமல் திறந்து முறுக்கிவிட்டு, எஞ்சினுக்குள் நுளம்பு பறந்தாலும் எனக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் கதைத்துத் திரிவேன். பலாலி றோட்டில் "பின்னாலை பஸ் ஹோன் அடிக்கிறான், விடுங்கோ" என்பீர். ஒருநாள் எரிச்சலில், கார் ஓட்டுவது நானோ நீரோ என்று கேட்டேன்.

"நீங்கள் ஓட்டுங்கோ. சத்தத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

நக்கல் என்று நினைத்தேன். என் காதைப் பற்றி எத்தனை வருடமாக உமக்குத் தெரியும்? என் மானத்துக்காகவா சொல்லாமல் விட்டீர்?

இன்னுமொன்று இருக்கிறது. பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு றெயில் கடவை. காவலாள் இல்லை, மணியும் விளக்கும்தான். ஒருநாள் காலை, வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது. பின்சீற்றில் இருந்து பேத்தி, "அம்மப்பா, மணி அடிக்குது" என்றாள். பள்ளி மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது செல்லம் என்று சொல்லிக்கொண்டே கடந்தேன். சற்றுப் பொறுத்துக் கண்ணாடியில் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் றெயில் போகிறது. நல்லகாலம், காத்து நிற்காமல் தப்பினோம் என்று பிள்ளைக்குப் பெருமையடித்தேன். அவளும் கைதட்டினாள். அந்தக் கைதட்டல் இப்போது நித்திரைக்குள்ளும் வருகிறது.

தேய்ந்ததுக்குப் புதுசு போட்டு, எல்லாவற்றையும் பூட்டி நேற்று ஸ்ரார்ட் பண்ணினேன். காதைக் கிட்டக் கொண்டுபோனேன். திருத்த முன்னம் எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது. எனக்குப் பயம் பிடித்தது அங்கேதான். பழுதான எஞ்சினும் திருத்திய எஞ்சினும் எனக்கு ஒன்றுதான்.

"இப்ப நல்லாயிருக்கப்பா. சத்தம் இல்லை" என்றாள் மெர்சி.

"எனக்கு முந்தியும் இல்லைப் பிள்ளை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பின்கதவைத் திறந்து, பிள்ளையின் தண்ணிப் போத்தலையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். இன்று காலையில் தன் ஸ்கூட்டரில் பிள்ளையை ஏற்றிப் போனாள். பேத்தி எனக்குக் கை காட்டி ஏதோ சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு காது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெர்சி மறித்தாள், கேட்காமல் காரில் தனியாகப் போனேன். ஏதேதோ சோதித்தார்கள். முடிவை அடுத்த கிழமை சொல்வார்களாம். அதுவரை கார் எடுக்கக் கூடாதாம். வீட்டுக்கு வரும் இந்த ஓட்டம்தான் கடைசியோ என்று நினைத்துக்கொண்டே மெதுவாக ஓட்டி வந்தேன்.

கடவை வந்தது. அந்த இடம் வர நீர் எப்போதும் உமது பக்கக் கண்ணாடியை இறக்குவீர். தூசி வருகிறது என்று நான் புறுபுறுத்தால், காற்றுக்கு என்பீர். காரை நிறுத்தி, எட்டிச் சாய்ந்து அந்தக் கண்ணாடியை இறக்கினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கித் தண்டவாளம் வரை நடந்து, இரண்டு பக்கமும் நல்லாகப் பார்த்துவிட்டு வந்து ஏறினேன். பின்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. ஹோன் அடித்திருப்பார்கள்.