பக்கத் தகட்டை வெட்டியது நான்தான்

அன்புள்ள எனேகோவுக்கு அம்மா எழுதுவது. நீயும் ஐல்சாவும் சளி காய்ச்சல் இல்லாமல், அந்த ஊர் மழையில் ஊறிப்போகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், அப்பா என்னைப் பாடாய்ப் படுத்துகிறார், நான் அவரைத் திட்டுகிறேன், ஆகையால் வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்றே எடுத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ மூன்று பேச்சு பேசிவிடுகிறாய், போன வாரம் கோபித்துக்கொண்டு வைத்தும்விட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முழுக்கப் படி, அப்புறம் கோபப்படு.

சிரியாக்கோ சித்தப்பா உன்னிடம் சொன்னது உண்மைதான். நம் பழைய பிராங்கோ வண்டியில் பின்சக்கரங்களுக்கு மேலே இருக்கிற பக்கத் தகடு இரண்டையும் வெட்டியது நான்தான். கை தவறி நடந்ததில்லை. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் எல்லாம் போட்டுக்கொண்டு, சாக்பீஸால் கோடு கிழித்து, வண்டியை வாங்குவதற்காக நீ கலிபோர்னியாவிலிருந்து வரவழைத்த அந்த ஹோல்கம் என்கிற மனிதரின் கண்ணெதிரேயே வெட்டினேன். அப்பாவை ரீனோவில் இருக்கிற முதியோர் இல்லத்தில் விட்டுவிடலாம், வண்டியை விற்ற காசு அதற்குக் காணும் என்று நீயும் சித்தப்பாவும் சேர்ந்து போட்ட திட்டம் எனக்குத் தெரியும். இந்த மாடல் வண்டிகளில் முக்கால்வாசியை அந்தக் காலத்திலேயே பெரிய டயர் மாட்டுவதற்காகச் சக்கரத்துக்கு மேலே வெட்டித் தள்ளிவிட்டார்கள், வெட்டாத உடம்போடு ஒன்று கிடைத்தால் வாங்குகிறவர்கள் கும்பிடு போடுகிறார்கள் என்பதும் தெரியும். பள்ளிக்கூட பஸ் பட்டறையில் ஆயுசைக் கழித்தவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம். தெரிந்துதான் வெட்டினேன். வெட்டாத வண்டி இருந்தால்தானே உங்கள் திட்டம்.

அப்பாவே சம்மதித்துவிட்டார், நான் வீடியோவில் கேட்டேன், தலையாட்டினார் என்று நீ சொன்னாய். ராசா, பக்கவாதம் வந்த பிறகு உன் அப்பா எதற்குத்தான் தலையாட்டவில்லை? சூப் வேண்டுமா என்றால் தலையாட்டுகிறார், வேண்டாமா என்றாலும் தலையாட்டுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை நான் வேண்டுமென்றே, "ஏங்க, நீங்கதான் போப்பாண்டவரா?"ன்னு கேட்டேன், அதற்கும் பெரிய மனுஷத் தோரணையில் ஆட்டினார். பேச்சு வராது, வலது கையும் காலும் வராது, தலை மட்டும் தாராளமாக ஆடும். அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனை வீட்டை விட்டு அனுப்புவீர்களா?

ஆனால் ஒன்று, அவர் அடைந்து கிடந்தது எனக்கும் பொறுக்கவில்லை. காரில் ஏற்ற முடியவில்லை, கதவு தாழ்வு, அவருக்கு உடம்பு வளையவில்லை. ஆஸ்பத்திரி வேன் வந்தால்தான் வெளியே போக்கு, அதில் ஜன்னலும் கிடையாது. மலையில் ஆடு மேய்த்து வளர்ந்த மனுஷன் ஒரு குளிர்காலம் பூராவும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்போதுதான் பக்கத்து வீட்டு லொரேனா, தங்கச் சுரங்கத்தில் பெரிய லாரி ஓட்டுகிறாளே அவள், எனக்கு மான் கறி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தார்ப்பாய் போர்த்தியிருந்த வண்டியைப் பார்த்தபடியே சொன்னாள், "கதவு வழியா ஏத்த முடியலன்னா மேல இருந்து இறக்குங்களேன் அக்கா. கூரைய கழட்டுனா தெறந்த வண்டிதானே அது. நாங்க சுட்ட மான எப்படி தூக்கி வண்டியில போடுறோம்?" கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடித்ததும் தூக்கம் போயிற்று.

மறுநாளே தார்ப்பாயை உருவினேன். நீ பார்த்திருக்க வேண்டும் அந்தக் கோலத்தை. எலி ஒயரையெல்லாம் தின்று சீட்டுக்குள்ளே குடும்பம் நடத்தியிருக்கிறது, தரைத்தகட்டில் துரு ஏறி, கால் வைத்தால் சிமெண்டுத் தரை தெரிகிறது, பெட்ரோல் டாங்கி திறந்தால் வார்னிஷ் வாசனை. தரையை அறுத்தெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து நானே வெல்டிங் அடித்தேன், கார்புரேட்டரைச் சமையலறை மேஜையில் பிரித்துப் போட்டுக் கழுவினேன் (அப்பா இடது கையால் அதிலிருந்த பொடிப் பித்தளை ஜெட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாக வைத்தார், ஒன்றுகூட மாற்றி வைக்கவில்லை), முன்னால் டிஸ்க் பிரேக் போட்டேன், என் தோள்பட்டைக்காக பவர் ஸ்டியரிங் வைத்தேன். கூரையைக் கழற்றிவிட்டு, வலது பக்க சீட்டுக்குப் பின்னால், சேஸிஸோடு சேர்த்து, வேட்டைக்காரர்கள் மான் தூக்குகிற கம்பத்தை நட்டு, கையால் தள்ளினால் சுற்றுகிற மாதிரி செய்து, பாட்டரியில் ஓடி, கம்பியைச் சுற்றிப் பாரம் தூக்குகிற சின்ன வின்ச்சை அதில் மாட்டினேன். அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த தூக்குத் துணி அதன் கொக்கிக்குச் சரியாகப் பொருந்தியது. பயப்படாதே, முதலில் மணல் மூட்டையைத் தூக்கினேன், அப்புறம் லொரேனாவைத் தூக்கினேன், அவள் மேலே தொங்கிக்கொண்டே பீர் கேட்டாள். அதற்கெல்லாம் பிறகுதான் அப்பா.

இவ்வளவும் தகட்டைத் தொடாமலே செய்தேன். டயர்தான் இடித்தது. பழைய சின்ன டயரில் காற்று கெட்டியாக அடித்து மலைக்குப் போகிற கல் ரோட்டில் போனால் அப்பாவின் கழுத்து என்ன ஆகும்? பெரிய டயர் போட்டுப் பாதிக் காற்றை இறக்கிவிட்டால் மெத்தையில் போகிற மாதிரி போகும். பெரிய டயர் வேண்டுமானால் தகட்டை வெட்ட வேண்டும். இரண்டு வாரம் நானும் யோசித்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். நீ சின்ன வயதில் உட்கார்ந்து கை தொங்கப்போட்டுக்கொண்டு வந்த தகடு அது. யோசித்துக்கொண்டு இருக்கும்போதுதான் ஹோல்கம் வந்து சேர்ந்தார்.

நல்ல மனுஷன்தான், குறை சொல்லக்கூடாது. சட்டைப் பையில் காந்தம் வைத்திருந்தார், தகடு நெடுக அதை ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனார், எங்கேயாவது பட்டி பூசி மறைத்திருக்கிறோமா என்று. எல்லா இடத்திலும் ஒட்டியது. அவருக்குக் கண் கலங்காத குறை. நான் செம்மறிக்கறி வதக்கலும் பீன்ஸும் போட்டேன், சாப்பிட்டார், புகழ்ந்தார். ஆனால் அப்பா அங்கேயே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவர் தலைக்கு மேலாகவே என்னிடம் பேசுகிறார், ஒரு தரமாவது குனிந்து, "உங்க வண்டி அருமையா இருக்கு சார்" என்று சொல்லவில்லை. கடைசியில் வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "கவலைப்படாதீங்க மேடம், இத நல்லா பராமரிக்கிற இடத்துல வெச்சிடுவோம், சூடு குளிர் எதுவும் படாது, வெளிய எடுக்கவே மாட்டோம்" என்றார். சித்தப்பா அந்த இல்லத்தைப் பற்றி என்னிடம் சொன்னதும் ஏறக்குறைய இதேதான், நல்ல பராமரிப்பு, வெப்பம் சீராக இருக்கும், வெளியே அலைய வேண்டாம். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. தட்டைக் கழுவி வைத்தேன், கராஜுக்குப் போய்த் தகடு அறுக்கிற கிரைண்டரை எடுத்தேன். அவர் முதலில் புரியாமல் நின்றார், பொறி பறந்ததும், "மேடம், வேண்டாம் மேடம், வேண்டாம்" என்று கத்தியது அடைப்பானுக்குள்ளும் கேட்டது. ஒரு பக்கம் முடித்துத் திரும்பினேன், காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். இன்னொரு பக்கத்தையும் வெட்டினேன்.

என் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன், சித்தப்பா எப்படியும் சொல்லியிருப்பார். அளந்தது தப்பு. வண்டி கராஜில் சமதரையில் நிற்கும்போது அளந்து கோடு போட்டுவிட்டேன். பஸ் ரோட்டிலே போகிற ஜந்து, நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும், எனக்கு அந்தப் பழக்கம். இந்த வண்டிக்கு ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி வைத்து, டயர் எவ்வளவு மேலே வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும், இந்த ஊரில் பதினாறு வயதுப் பையனுக்குக் கூடத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வாய்க்காலில் இறக்கி ஏற்றினேன், புது டயரை வெட்டிய விளிம்பு சீவி எடுத்துவிட்டது. வாய்க்காலிலேயே நிறுத்தி, இன்னும் மூன்று விரல் வெட்டி, விளிம்பை மடித்துத் தட்டி, பிரைமர் அடித்தேன். ஒரு தரம் கெடுத்ததை இரண்டு தரம் கெடுத்துவிட்டீர்கள் அண்ணி என்று சித்தப்பா சொன்னார். ஆமாம், இப்போது டயர் எங்கேயும் இடிக்கவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை காலை நான் அப்பாவுக்குத் தூக்குத் துணியை மாட்டி, கொக்கியில் சேர்த்து, பெட்ரோல் பங்க் வரைக்கும் ஒரு நடை போய்வரலாம் என்று தயாராகிக்கொண்டு இருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் சித்தப்பா வந்து நின்றார், கூடவே அந்த இல்லத்திலிருந்து டேனா என்கிற பெண். "சும்மா பாத்துட்டுப் போறாங்க அண்ணி, கோச்சுக்காதீங்க" என்கிறார். கையில் கோப்பு, சும்மா பார்க்க வந்தவளுக்குக் கோப்பு எதற்கு? ஆனால் அவள் ஹோல்கம் மாதிரி இல்லை. அப்பாவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள், "ஃபெர்மின் ஐயா, எங்க இடத்துல வந்து இருக்க உங்களுக்கு விருப்பமா?" அப்பா தலையாட்டினார். சித்தப்பா என்னைப் பார்த்து, "கேட்டீங்களா, அண்ணனே சொல்லிட்டாரு" என்றார்.

எனேகோ, உன்னிடம் மறைக்கவில்லை. போப்பாண்டவர் கதையெல்லாம் சொல்லிச் சிரித்தவள்தான் நான், ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே சொல்கிறாரோ, நான்தான் என் வீம்புக்காக இந்த மனுஷனைக் கட்டிவைத்துக்கொண்டு இருக்கிறேனோ என்று தோன்றியது. வின்ச் சுவிட்ச் ஒயரோடு அவர் மடியில் கிடந்தது, துணியைச் சரி செய்யும்போது நான் வைத்தது. அதை அவர் இடது கையால் தடவி எடுத்தார். மோட்டார் உறுமியது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நிற்கிறோம், அவர் நாற்காலியை விட்டு எழும்புகிறார், இடுப்பு, முழங்கால், செருப்பு, எல்லாம் எங்கள் முகத்துக்கு நேரே மேலே போகிறது. வண்டியின் பக்கவாட்டுக்கு மேலே போனதும் விரலை எடுத்தார். ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு, லேசாகச் சுற்றிக்கொண்டு, என்னைப் பார்த்தார். கம்பத்தைத் திருப்ப ஒரு ஆள் வேண்டுமே, அதற்குத்தான். நான் போய்த் திருப்பினேன். சீட்டுக்கு நேரே வந்ததும் மறுபடி அழுத்தி இறங்கினார். வலது கால் விளிம்பில் மாட்டிக்கொண்டது, அதைத் தூக்கி உள்ளே வைத்தது யார் தெரியுமா, சிரியாக்கோதான். வைத்துவிட்டு அண்ணன் முழங்காலிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

டேனா கோப்பைத் திறக்கவேயில்லை. "எங்க கெளம்பிட்டீங்க?"ன்னு அப்பாவைத்தான் கேட்டாள், என்னை அல்ல. பிறகு என்னிடம், "வெயில் அடிக்குது, தொப்பி போட்டு விடுங்கம்மா" என்றாள். பெட்ரோல் பங்கோடு நிற்கவில்லை, பள்ளத்தாக்கைத் தாண்டி ஆட்டுப்பட்டிக்குப் போகிற கல் ரோட்டில் பாதி தூரம் ஏறினோம், சித்தப்பா தன் காரில் புழுதி தின்றுகொண்டு பின்னாலேயே வந்தார். அப்பா வாய் திறந்து ஏதோ சத்தம் போட்டுக்கொண்டே வந்தார், பாட்டா வசவா தெரியவில்லை, காற்றில் கேட்கவில்லை, எதுவாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நீ கெட்ட பிள்ளை இல்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குப் பயம் அதிகம், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நீ ராத்திரியில் யோசிப்பாய், ஐல்சா சொன்னாள். எனக்கும் வயதாகிறது, தோள் வலிக்கிறது, ஒரு நாள் முடியாமல் போகும். அந்த நாள் வந்தால் நானே உனக்குப் போன் போட்டுச் சொல்வேன், அழுதுகொண்டாவது சொல்வேன். அது வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் ஆள் அனுப்புவதை நிறுத்துங்கள். காசு அனுப்பாதே, வீட்டுக்கு வந்துபோகிற நர்ஸுக்கு ஒரு ஏற்பாடு செய், அது உபகாரம். வேலை வேலை என்று நின்றுகொண்டே சாப்பிடாதே. ஐல்சாவின் அம்மாவை நான் கேட்டதாகச் சொல். ஜூலை முதல் சனிக்கிழமை எல்லாக் குடும்பமும் மேலே பட்டியில் கூடுகிறோம், குழி வெட்டி ரொட்டி சுடுவார்கள், நாங்களும் போகிறோம், நீயும் வர மறக்காதே. கெட்டியான ஸ்வெட்டர் கொண்டு வா, நம் வண்டியில் கூரை கிடையாது.

ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் கண்ணுக்குக் கண்ணாகக் காப்பாற்றட்டும், கை நிறைய வேலையும் மனசு நிறைய நிம்மதியும் கொடுக்கட்டும். அப்பாவைப் பார்க்க வருவதானால் என்றைக்கு வேண்டுமானாலும் வா, கதவைப் பூட்டுவதில்லை. கூட்டிக்கொண்டு போக வருவதானால் வீட்டில் தேடாதே, நாங்கள் மலையில் இருப்போம்.

அன்பும் பிடிவாதமும் குறையாத
உன் அம்மா
கிராசியானா