விளக்கவுரை வேண்டாத பிள்ளைகள்

திங்கள். காலையிலிருந்து மழை.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று பள்ளிச் சபைக் கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டேன்.

மலபாரிலிருந்து கப்பலில் வந்திருக்கும் கதகளிக் குழு சனி இரவு பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஆடுகிறது. பெரியவர்களுக்கு மட்டும். அன்று பிற்பகல் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஓர் ஆட்டம் வேண்டும் என்றேன். அது ஒழுங்காக நடந்தால் அடுத்தது கிள்ளானில், ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு.

சபைச் செயலாளர் ரயில்வே அலுவலகக் கணக்குப்பிள்ளைகளுக்கெல்லாம் தலைவர், பெரிய கிராணி. இந்த நாட்குறிப்பில் பெ.கி. போதும்; முழுப் பெயருக்கு மை வீண். போன மழைக்காலத்திலிருந்து என் குடை அவரிடம். தலைமையாசிரியர் நாற்காலி அவர் மைத்துனரிடம். இரண்டும் எனக்கு வர வேண்டியவை.

"வாத்தியாரே, பெரியவங்களுக்கே அது விளங்காது லா. பாட்டு மலையாளம். ஆடுறவன் வாயே தொறக்கமாட்டான். இதுங்க கொஞ்ச நேரத்துல கத்தி மானத்த வாங்கிடும்."

"கத்தினா இனிமே எதுக்கும் மண்டபம் கேட்டு வரமாட்டேன். கிள்ளான் பேச்சையும் விட்டுடறேன்."

வாய் முந்திக்கொண்டது.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றார். சிரிப்பு.

சம்மதம், ஒரு நிபந்தனையோடு. மேடை ஓரத்தில் நின்று பெ.கி. காட்சிக்குக் காட்சி விளக்கம் சொல்வாராம்.

வீடு வரும்போது சொட்டச் சொட்ட நனைந்தேன். குடை எங்கே என்று தெரியும்.

புதன். வெயில். தும்மல் நிற்கவில்லை.

தலைமையாசிரியர் மைத்துனர் வகுப்பு வகுப்பாகப் போய்க் கதையின் நீதியை மனப்பாடம் செய்யச் சொல்கிறார். நான் கதையை மட்டும் சொன்னேன். ஒரு வீரனிடம் மனைவி ஒரு பூ கேட்கிறாள்; அவன் காட்டுக்குள் போகிறான். அவ்வளவுதான்.

இடைவேளையில் ஐந்தாம் வகுப்பு ராசம்மா தண்டவாள வேலிக்கு அப்பால் நிற்கும் அப்பனோடு பேசிக்கொண்டிருந்தாள். வாயால் அல்ல. அவனுக்கு ஷண்டிங் வேலை, ரயில் பெட்டிகளைத் தடம் மாற்றிக் கோப்பது. எஞ்சின் இரைச்சலில் அவர்களுக்குக் கைதான் பேச்சு: வா, மெல்ல, நில். வீட்டிலும் அதே. அவன் ஏதோ கேட்டான். இவள் மீனைப் போலக் கையை நெளித்து, பிறகு விரித்துக் காட்டினாள். மீன் கிடைக்கவில்லையாம்.

இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். நல்ல பதில் எனக்கு எப்போதும் புதன்கிழமைதான் வருகிறது.

சனி. மூட்டம், மழை இல்லை.

காலையில் பிள்ளைகளை ஒப்பனைக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். ஆட்டக்காரர் பாயில் மல்லாந்து கிடக்கிறார். முகம் முழுக்கப் பச்சை. தாடையோரம் அரிசி மாவால் வெள்ளை வரப்பு கட்டுகிறார்கள்.

"ஐயா, இவரு செத்துட்டாரா?"

கிடந்தவர் வாய் திறக்காமல் ஒற்றை விரலை ஆட்டினார். கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது.

பிற்பகல். மண்டபம் நிறைந்தது. எனக்குக் கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். வழக்கம்.

இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் செண்டை முழங்க, திரைக்கு மேல் பச்சை முகம் எழுந்தது. ஒரே ஒரு பிள்ளை அலறினான். முதல் வரிசை. தலைமையாசிரியரின் மகன்! வெளியே தூக்கிப் போனார்கள். கடவுள் இருக்கிறார்.

பிறகு காடு. வீரன் வழியில் கண்டதைக் காட்டுகிறான். ஒரே ஆள், அவனே யானை, அவனே பாம்பு, அவனே சிங்கம். கை துதிக்கையாக நீண்டது, துடித்தது, தளர்ந்து சரிந்தது. கண் செருகியது.

பெ.கி. தொண்டையைச் செருமினார். "வீரன் களைப்பால் உறங்குகிறான். நீங்களும் நேரத்தோடு உறங்க வேண்டும்."

ராசம்மா எழுந்துவிட்டாள்.

"இல்லீங்க ஐயா, தூங்கல! அது யானை! கால பாம்பு சுத்திக்கிச்சு, மண்டையில சிங்கம் அடிக்குது. சாவுது ஐயா!"

"உக்காரு புள்ள!"

"யானை! யானை!" மண்டபம் முழுக்க. கத்துகிறார்களே, போயிற்று, கிள்ளான் போயிற்று என்று நினைத்தேன்.

ஆட்டக்காரர் அவள் பக்கம் திரும்பினார். செண்டைக்குக் கண் காட்டினார். முதலிலிருந்து மறுபடியும், அவளுக்காக. துதிக்கை சரிந்தபோது மூச்சுச் சத்தம்கூட இல்லை. சின்னதுகள் கண்ணைத் துடைத்தன. நானும்; சளி என்று சொல்லிக்கொண்டேன்.

பெ.கி. மேடையோரத்தை விட்டு இறங்கினார். உட்கார இடம் தேடி என் தூணருகே வந்தார். நகர்ந்து கொடுத்தேன். தூணின் பின்பக்கம்.

முடிந்ததும், ஆட்டம் பார்க்க வந்திருந்த கிள்ளான் தோட்டத்து லோரிக்காரர் என் கையைப் பிடித்தார். "அண்ணே, புள்ளைங்கள ஏத்திக்கிட்டு வர நான் லோரி தரேன். வெளக்கம் சொல்ற ஐயா மட்டும் வேணாம், எடம் பத்தாது."

இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஞாயிறு. நல்ல வெயில்.

கோயிலில் பெ.கி. குரல்: "நான் எடுத்துச் சொன்னதாலதான் புள்ளைங்களுக்கு வெளங்குச்சு." பிள்ளைகள் கத்தியதை அவர் எடுக்கவேயில்லை; பத்திரிகைக்கும் அப்படியே எழுதப் போகிறாராம்.

முந்திக்கொண்டு நானே பத்திரிகைக்கு எழுதினேன். ராசம்மா சொன்னதைச் சொன்னபடி. கிள்ளான் ஆட்டத்துக்கு எல்லாத் தோட்டங்களும் பிள்ளைகளை அனுப்பவேண்டும் என்றும். பெ.கி.யைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதியதில் கடினமான பகுதி அதுதான்.

சாயங்காலம் தண்டவாள வேலியோரம் பிள்ளைகள் யானையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி துதிக்கை, இருவர் பாம்பு. அப்பால் ராசம்மாவின் அப்பன் பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானும் ஒரு துதிக்கை காட்டினான்.

கடிதத்தின் கீழே என் பெயரைப் போடப் பேனாவை எடுத்தேன். போட்டால் யானையை விட்டுவிட்டு நாற்காலியைப் பேசுவார்கள். குடையையும். பேனாவை மூடிவிட்டேன். பெயரில்லாமலே நாளைக் காலைத் தபாலில் போகட்டும்.