மூன்று முறை அலசிய பாட்டில்

மார்ச் 3
ஆறுதான் எல்லை. இரண்டு நாட்டுக்கும் பொதுவாக ஒரே சட்டம் வரப்போகிறது. ஆற்றில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போனால், கலக்கும் ஆலை எந்தக் கரையில் இருந்தாலும் பூட்டு. ஒரே இடம், ஒரே நேரம், ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். எங்கள் ஆய்வகத்தில் 0.03. அவர்களுக்கு 0.06. அதெப்படி? குரோமிய முலாம் பூசும் ஆலை எங்கள் கரையில் மட்டும்தான். என் வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை.

மார்ச் 10
படகில் அந்தக் கரை ஆய்வகத்துக் கண்ணாடிக்காரம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பாட்டிலை ஆற்றுத் தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடித்தேன் — கல்லூரிப் பழக்கம். அவர் அலசவே இல்லை! திறந்தார், பிடித்தார், மூடினார். உள்ளே முன்கூட்டியே ஏதோ போட்டிருக்கிறார். வேறென்ன? சிரித்துக்கொண்டே பிஸ்கட் நீட்டினார். நான் வாங்கவில்லை.

மார்ச் 11
ஆய்வக இயக்குநரிடம் இதை எழுதிக் கொடுத்தேன். "கையும் களவுமா புடிச்சிட்டியேம்மா!" என்றார். வீட்டுக்காரரும், "அப்பவே சொன்னேன்ல, அவங்க பிராடுன்னு" என்றார்.

மார்ச் 14
ஸ்டோர்காரர் புது பாட்டில்களை நீட்டினார். "பாத்து மேடம், உள்ள ரெண்டு சொட்டு ஆசிட் இருக்கு. ஜனவரிலேருந்து கூட்டு விதிப்படி ரெண்டு கரையிலயும் அப்படித்தானே."
கூட்டு விதி, நாற்பதாம் பக்கம். கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. படித்தேனா? ஆசிட் இல்லாவிட்டால் குரோமியம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைவாகக் காட்டும். மூணு மாசமா நான்தான் அலசி அலசி அந்த ஆசிட்டைக் கொட்டியிருக்கேன். ஐயோ!

மார்ச் 17
அலசாமல் பிடித்தேன். 0.06.
வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன?

மார்ச் 20
இரண்டு கரைக்காரர்களும் கூடிய கூட்டத்தில் இயக்குநர் என் குறிப்பை எடுப்பதற்குள் எழுந்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிக்காரம்மா தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கிழித்தார். "நீங்க வேணும்னே அலசுறீங்கன்னு நானும் எழுதி வெச்சிருந்தேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சட்டம் கையெழுத்தானது. வீட்டில் சொல்லவில்லை.

ஏப்ரல் 2
டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். "நாளைக்கு அது வேணாம்" என்றார் வீட்டுக்காரர். "ஆலையப் பூட்டிட்டாங்க. அந்த 0.06 தண்ணியப் புடிச்சது நீயாமே?"
டப்பாவை இன்னொரு முறை அலசினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.