இறுதியாட்டம் சுகிர்தா வந்த பிறகு

உ

வெள்ளவத்தை
31.07.1995

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

அம்மாவும் அப்பாவும் இஞ்ச நல்ல சுகமாய் இருக்கிறம், நீயும் மருமகனும் அங்க ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணுமெண்டு நான் கும்பிடாத நாளில்லை. உன்ர கடிதமும் பேஸ்போல் கசற்றும் போன கிழமைதான் வந்து சேர்ந்தது. அப்பாவின்ர பிரஷர் பரவாயில்லை, உப்பைக் குறைக்கச் சொன்னது டொக்டர், ஆனால் மனுசன் கோவிக்கிறது என்னோட. எங்கட மாடிக்குத் தண்ணி விடிய அஞ்சு மணிக்கு மட்டும்தான் ஏறுது, மற்றப்படி ஒரு கரைச்சலும் இல்லை எண்டு எழுதத்தான் விருப்பம், ஆனால் பொய் எழுத எனக்கு வராது.

முதல் நீ கேட்டதுக்குப் பதில் சொல்லுறன். போன வருசம் ஸ்ரைக் பண்ணிச் சனத்தைத் துரத்திப்போட்டு இப்ப திருப்பிக் கூப்பிட என்ன வழியெண்டு பேஸ்போல் ஆக்கள் உன்ர விளம்பரக் கொம்பனியிட்ட வந்து நிக்கினம், முப்பது வருசம் விளையாட்டு ரீச்சராய் இருந்த அம்மா என்ன நினைக்கிறா எண்டு கேட்டிருந்தாய். கசற்றை அப்பாவோட இருந்து ரெண்டுதரம் பாத்தன். பந்தை அடிச்சுப்போட்டு ஓடுற எங்கட எல்லே மாதிரித்தான் கிடக்கு, என்ன, கையில பெரிய தோலுறை. முதலாவதாய் வந்த ரீம்களோட, ரெண்டாவதாய் வந்ததில நல்ல ஒண்டையும் இந்த வருசம் கடைசிச் சுற்றுக்கு விடுகினமாம், அது காணாதெண்டு உன்ர ஒபிஸ் இன்னும் ரெண்டைச் சேர்க்கச் சொல்லுதாம். வருசம் முழுக்க வெயிலில ஓடி முதலாவதாய் வந்தவனை நாலு நாள் நல்லாய் ஆடினவன் வந்து வீட்டுக்கு அனுப்பலாமெண்டால் மிச்ச நாளெல்லாம் என்னத்துக்கு ஆடினது பிள்ளை? எறியிறவனுக்கு மணிக்கூடு வைக்கப்போகினமாம், அதுவும் விசர் வேலை. எனக்கு அந்த விளையாட்டில பிடிச்சதே மணிக்கூடு இல்லாததுதான், கடைசி ஆள் அவுட்டாகுமட்டும் ஒருத்தரும் வீட்ட போகேலாது. பிறகு பாட்டு, பொம்மை வேசம் போட்டவன், ரீசேட். அதைச் செய்யுங்கோ, பிள்ளையள் சிரிக்குங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இதையெல்லாம் எங்கட ஞாயிற்றுக்கிழமை நெற்போல் போட்டிக்கும் செய்யச் சொல்லிக் கடைசியில எழுதியிருந்தாய் பார், அதை வாசிக்கத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. உன்னில பிழையில்லை, இஞ்ச நடந்தது உனக்குத் தெரியாது.

இந்த மாதம் ரெண்டாம் திகதி கொட்டாஞ்சேனை மைதானத்தில எங்கட இறுதியாட்டம் வைச்சிருந்தம். ஒரு பக்கம் செலீன் கப்டனாய் இருக்கிற கொட்டாஞ்சேனை ரீம், மற்றப் பக்கம் வெள்ளவத்தை லொட்ஜுகளில விசாவுக்குக் காத்துக்கொண்டு நிக்கிற எங்கட யாழ்ப்பாணத்துப் பிள்ளையள். அண்டைக்கு விடியப்புறம் லொட்ஜுகளில பொலிஸ் செக்கிங். எங்கட ரீமில அஞ்சு பேரை ஏத்திக்கொண்டு போட்டாங்கள். நான் விசிலைக் கழுத்தில போட்டபடியே அப்பாவையும் இழுத்துக்கொண்டு ஸ்ரேசனுக்குப் போய், நாலு மணிக்கு மெச், என்ர பிள்ளையளைத் தாங்கோ எண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில கேட்டன். அங்க இருந்தவனுக்குச் சிரிப்பு. மத்தியானத்துக்குப் பிறகு நாலு பேரை விட்டாங்கள். சென்ரர் ஆடுற சுகிர்தாவை மட்டும் விடேல்லை, லொட்ஜில தங்கிறதுக்கு எடுக்கிற பொலிஸ் ரிப்போட் புதுப்பிக்கேல்லையாம், வேற இடத்துக்கு அனுப்பியாச்சாம், எங்கயெண்டு சொல்லுறாங்களில்லை. இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. தாய் யாழ்ப்பாணத்தில, பாதை பூட்டிக் கிடக்கு, அவவுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது.

மைதானத்துக்கு வந்தால் றேமண்ட் நிக்கிறான், கப்பும் ஜேர்சியும் ஸ்பீக்கரும் குடுத்த சோடா ஏஜென்ற். அவனிட்டயும் உன்ர ஒபிஸின்ர யோசனைதான். லொட்ஜ் ரீமை விட்டுப்போட்டு மூண்டாவதாய் வந்த தெமட்டகொட ரீமை இறுதிக்கு விடட்டாம், பிரதம விருந்தினர் வந்திட்டாராம், சனம் கலையப்போகுதாம். தெமட்டகொட ரீமைப் பாக்கிறது றஸ்மியா. அவ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோத்துப்போன நாங்க எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு ஃபைனல் ஆடுற எண்டு கேட்டா. றேமண்டையும் குறை சொல்லேலாது, பயந்த மனுசன், ஆனால் ஜேர்சியையும் ஸ்பீக்கரையும் ஏத்திக்கொண்டு போட்டான்.

எங்கட விதி என்னெண்டால், ஒரு ரீம் முழுசாய் வராட்டி பதினைஞ்சு நிமிசம் பாக்கிறது, அதுக்குப் பிறகு மற்ற ரீமின்ர கப்டன் வெற்றியைக் கேட்டால் குடுக்கிறது, கேக்காட்டி ஆட்டம் அடுத்த ஞாயிறு. நான் பேர் கூப்பிட்டன். சுகிர்தாவின்ர பேருக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. பதினைஞ்சு நிமிசம் ரெண்டு ரீமும் கோட்டுக்குள்ள அப்பிடியே நிண்டுதுகள். பிறகு செலீனிட்ட, நீ வெற்றியைக் கேக்கிறியோ எண்டன். அவள் குரலை உயத்தி, இல்ல மிஸ், நாங்க கேக்கல எண்டாள். எனக்குக் கண் கலங்கிப் போச்சு பிள்ளை, மறைக்கேல்லை.

இப்ப நாலு ஞாயிறு இதே நடக்குது. நாலு மணிக்கு வருவம், பேர் கூப்பிடுவன், பதினைஞ்சு நிமிசம் நிப்பம், செலீன் கேக்கல எண்டுவாள், ஒத்திவைப்பம். ஸ்பீக்கரும் இல்லை, பிரதம விருந்தினரும் இல்லை. முதல் ஞாயிறு இருபது பேர், நேற்று மதிலோரம் நிக்க இடமில்லை, கொட்டாஞ்சேனைச் சிங்களப் பொம்பிளையளும் குழந்தையளோட வந்து நிண்டவை. சிவில் உடுப்பில ஒருத்தன் வந்து, ஒருத்தரும் விளையாடாமல் இதென்ன மெச் எண்டு கேட்டான். ஒரு ஆள் உங்களிட்ட நிக்குது, அனுப்பினால் விளையாடிக் காட்டுறம் எண்டன். அப்பா என்ர சேலையைப் பிடிச்சு இழுத்தார். கொம்மா வாயால கெடப்போறா எண்டு உனக்கு எழுதச் சொன்னவர், எழுதியிட்டன்.

இனி நான் கேக்கிறது. இதைத் தபாலில போடேல்லை, பிரிச்சு வாசிப்பாங்கள், எங்கட கீழ்வீட்டு ஸவாஹிர் லண்டனுக்குப் போறார், அங்கயிருந்து அனுப்புவார். சுகிர்தாவின்ர முழுப்பேர், அடையாள அட்டை இலக்கம், பிடிச்ச திகதி, நேரம் எல்லாம் மறுபக்கத்தில கிடக்கு. உங்கட எம்.பி.க்கு எழுது, மனித உரிமைக்காரருக்கு எழுது, உன்ர ஒபிஸில இருக்கிற ஒவ்வொருத்தரையும் எழுதவை. நாங்கள் என்ன செய்யேலும், எங்களுக்கு வேலை இருக்கு எண்டு ஒரு மறுமொழி மட்டும் எனக்கு வரப்படாது.

உனக்கும் மருமகனுக்கும் முருகன் எந்தக் குறையும் வைக்கமாட்டான், வயித்தைக் காயப்போடாமல் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. குளிருக்கு அப்பா தந்துவிட்ட மவ்ளரை வெட்கப்படாமல் கட்டு. மறுபக்கத்தைப் பிரதி எடுத்து வை, துலைச்சுப்போடாதை. வாற ஞாயிறும் நாலு மணிக்கு நான் அவளின்ர பேரைக் கூப்பிடுவன்.

இப்படிக்கு,
உன்னை நினைச்சபடி இருக்கும் அம்மா
நேசமலர் சண்முகலிங்கம்