சோத்துக்கைப் பக்கம்

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

ஒத்துக்கொண்டுவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

வினுஷா என்றொரு பெண் காத்தோங்கிலிருந்து ஜாலான் புசார் வீட்டுக்கே தேடி வந்தாள். இராஜரத்தினத்தின் பேத்தி. பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்தியிருக்க வேண்டும். 1972இல் அவர் கார் ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல, ரேலிப் பந்தயத்தின் நான்காம் கட்டத்தில் இருவரும் காரோடு கால்வாயில் விழுந்தார்கள். "கோவிந்தராசு பிழையாச் சொன்னவன்" என்றார் அவர். "நான் சரியாத்தான் சொன்னேன்" என்றார் அப்பா. அதோடு பேச்சு நின்றது. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசிவரை அதையேதான் சொன்னார்.

இப்போது பழைய கார்களை வைத்து அதே வழியில் மறுபடி ரேலி நடத்துகிறார்களாம். தாத்தாவின் காரை இவள் சரிசெய்து வைத்திருக்கிறாள். "நேவிகேட்டர் சீட் உங்களுக்குத்தான் ஆண்ட்டி. தாத்தாகிட்ட இன்னும் சொல்லல."

ஐம்பத்தொரு வயதிலும் இடது வலது தடுமாறுகிறவளிடம் வந்து கேட்கிறாள். சோறு பிசைவதுபோல் கையை அசைத்துப் பார்த்தால்தான் எனக்கு வலது எது என்று தெரியும்.

16 செப்டம்பர், செவ்வாய்

அப்பாவின் பெட்டியில் அந்த ரேலி நோட்டு இருந்தது. முதல் மூன்று கட்டங்களுக்கும் லெஃப்ட், ரைட் என்று அழகான ஆங்கிலம். நான்காவதில் மட்டும் 'காலையில வழிய மாத்திட்டாங்க' என்று மேலே கிறுக்கிவிட்டு, அவசரத் தமிழ்: 'ரப்பர் மரம் முடிஞ்சு சோ. பாலம் தாண்டி பீ.'

சோ என்றால் சோத்துக்கை. பீ எந்தக் கை என்று எழுத வேண்டியதில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

நான்காம் கட்டம் ஓடிய லிம் சூ காங்கில் ஒத்திகை. ரப்பர் மரங்கள் இல்லை, வளைவு மட்டும் அப்படியே இருக்கிறது. 'சோ' என்று படித்தேன், கையை அசைத்துப் பார்த்தேன், "ரைட்" என்றேன். வினுஷா திருப்பப் போய்ச் சட்டென்று பிரேக் போட்டாள்.

"ஆண்ட்டி, அங்க கால்வாய் லா. ரோடு லெஃப்ட்ல போகுது."

அதே கால்வாய்.

22 செப்டம்பர்

அப்பா, இத்தனை வருஷம் பொய்யா சொன்னீங்க? இல்ல, தப்பா சொன்னது உங்களுக்கே தெரியாதா? உங்க கையெழுத்துலயே இருக்கே —

வினுஷாவிடம் வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

27 செப்டம்பர், சனி

இன்னும் சொல்லவில்லை.

தேக்கா சந்தையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவரின் முழங்கை என் கையில் இடித்துக்கொண்டே இருந்தது. "சாரிக்கா, நான் லெஃப்ட் ஹாண்ட்" என்றார்.

வாய்க்குப் போன சோறு தட்டிலேயே விழுந்தது.

அப்பா இடது கையால்தான் சாப்பிடுவார். யார் முகம் சுளித்தாலும் மாற்றிக்கொள்ளவில்லை. யாரையும் இடிக்கக்கூடாது என்று கல்யாணப் பந்தியில் இடது ஓரத்தில்தான் உட்காருவார். அவருடைய சோத்துக்கை இடது கை! சின்ன வயதில் எனக்குப் பக்கம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நான் ஏன் இன்றுவரை தடுமாறுகிறேன் என்பதும் இப்போதுதான் புரிகிறது.

அப்படியென்றால் 'சோத்துக்கைப் பக்கம்' என்று அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இராஜரத்தினமும் காதில் விழுந்தபடி சரியாகத்தான் திருப்பியிருக்கிறார். பிறகு யார் மேல் கோபப்படுவது? ஐம்பத்து மூன்று வருடக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

5 அக்டோபர், ஞாயிறு

ரேலி. நாற்பது காரில் நாங்கள் கடைசி.

வேகம் கணக்கில்லை, குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். நான்காம் கட்டம்வரை நன்றாகத்தான் போனோம். அந்த வளைவில் 'சோ' என்று படித்து, "லெஃப்ட்" என்றேன். கார் அழகாகத் திரும்பியது. திரும்பியதும், சாலையோரம் கைத்தடியோடு ஒரு பெரியவர். "தாத்தா!" என்று வினுஷா நிறுத்திவிட்டாள்.

இறங்கிப்போய் நோட்டைக் காட்டினேன். சோத்துக்கைக் கதையைச் சொன்னேன். இராஜரத்தினம் நோட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"அவன் எந்தக் கையால சாப்பிடுறவன் எண்டு எனக்குத் தெரியாதே, பிள்ளை? எந்தப் பந்தியிலயும் இடப்பக்கக் கரையை அவனுக்கு விட்டிட்டுத்தான் நான் இருப்பன்."

நோட்டை மூடினேன்.

"ஆஸ்பத்திரியில கிடக்கேக்கையே, அவன் தன்ர கையைத்தான் சொன்னவன் எண்டு விளங்கிட்டுது. போய்ச் சொல்ல வெக்கமா இருந்தது. பிறகு நாள் போயிட்டுது."

வெட்கமாம். அப்பா சாகும்வரை 'சரியாத்தான் சொன்னேன்' என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவருக்கு வெட்கம். திட்டவேண்டும்போல் இருந்தது. அந்தக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் இவ்வளவு தூரம் வந்து நின்றதைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை. காரில் ஏறினேன். பாலம் தாண்டி 'பீ' வந்ததையே கவனிக்கவில்லை. எங்கேயோ போய், எப்படியோ திரும்பி வந்தோம்.

8 அக்டோபர்

ஞாயிற்றுக்கிழமை காத்தோங் கோயிலில் அவர்கள் வீட்டு உபயமாம். வினுஷா மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். போக மாட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

போனேன்.

பந்தியில் இராஜரத்தினம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம், வரிசையின் ஓரத்தில், ஓர் இலை காலியாக இருந்தது. இரண்டு பேர் உட்கார வந்தார்கள். அவர் விடவில்லை.

நான் போய் உட்கார்ந்தேன். நான் வலது கையால் சாப்பிடுகிறவள். சாப்பிட்டு முடிக்கும்வரை என் முழங்கை அவர்மேல் இடித்துக்கொண்டே இருந்தது. அவர் நகரவில்லை. நானும்.