கத்திரிப்பூச் சுவரும் மேசைக்கடியில் போன பூவும்

பிரைமர் வாசனை காலையிலிருந்து தலைக்குள் சுற்றுகிறது. சாப்பாட்டு அறையில் நீங்கள் அடித்த கத்திரிப்பூ நிறச் சுவர் பாதி வெள்ளையாகிவிட்டது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல்வரை நடக்கிறேன், மறுபடி வந்து எழுதுகிறேன்.

நீங்கள் போனபிறகு நான் தனியாக இருக்கக் கூடாதென்று, நம் மகள் இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னைப் பெரும்பாக்கத்திலிருக்கும் தன் ஃபிளாட்டுக்கு வரச் சொல்கிறாள். இந்த நிறத்தைப் பார்த்தால் யாரும் குடிவர மாட்டார்களாம். நானும் தலையாட்டித் தொலைத்தேன். நேற்று பெயின்டருக்கு வழிவிட, மேசையை அறை நடுவே இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அந்த நிறத்தை நீங்கள் அடித்தபோது சிட்லபாக்கமே சிரித்தது. கல்யாண மண்டபமா கட்டுகிறார் உன் வீட்டுக்காரர் என்று என் அண்ணன் கேட்டார். நீங்கள் அசரவில்லை. பச்சையும் மஞ்சளுமாகப் பூப்போட்ட டைல்ஸ் வாங்கி, நடுவில் ஒரு பெரிய பூ விரியும்படி பதிக்கச் சொல்லிக் கொத்தனாரைப் படுத்தி எடுத்தீர்கள். மேசை வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அத்தனை பெரிய பூவும் அதற்கு அடியில். "இவ்ளோ பாடுபட்டுப் போட்ட பூ மேல மேசையா?" என்று அதைச் சுவரோரம் தள்ளினீர்கள். அன்றிலிருந்து மூவரும் பந்தியில் உட்கார்ந்ததுபோல் ஒரே வரிசையில், சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டோம். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த வரிசையில் உட்கார்ந்துதான் அவள் தன் ஆபீஸில் வேலை பார்க்கும் கிறிஸ்தவப் பையனைப் பற்றிச் சொன்னாள். உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். நீங்களும் திரும்பவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. இன்னொரு நாற்காலிக்கு இடமிருக்கு" என்றீர்கள்.

இன்று மதியம் வந்தாள். எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. எழுந்து, மேசையை ஒரு கை பிடிக்கச் சொன்னேன். இருவருமாகச் சுவரோரம் தள்ளினோம். பூ வெளியே வந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி வெளுத்த சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் வரலைடி."

வெகுநேரம் சாப்பாட்டையே அளைந்துகொண்டிருந்தாள். பிறகு, பெயின்டரிடம் பழைய கலரையே அடிக்கச் சொல்லவா என்று கேட்டாள். குரல் கம்மியிருந்தது. கோபமா, அழுகையா, எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்று நீங்கள் திரும்பாததுபோல நானும் திரும்பவில்லை.